வலிக்காத கால்: நடை, அழுத்தம், எம்.சி.ஆர். செருப்பு

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் காலையில் பால் வாங்கப் போன அப்பா, ஒரு காலில் மட்டும் செருப்போடு திரும்பி வந்தார். அம்மாதான் முதலில் பார்த்தது. "இன்னொன்னு எங்கங்க?" என்று கேட்டதும் குனிந்து பார்த்துவிட்டு அவரே சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். வயதாகிவிட்டது, மறதி என்று நினைத்துக்கொண்டோம். செருப்பு தெருமுனையில் கிடந்தது. நான் போய் எடுத்து வந்தேன்.

அது மறதி இல்லை என்று புரிய மூன்று மாதம் ஆனது. வலது கால் பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலின் மேடான இடத்தில், பழைய ஐம்பது பைசா அளவுக்கு ஒரு புண். மொசைக் தரையில் இருந்த ஈரத்தடத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். "வலிக்கவே இல்லடா. வலிச்சா சொல்லியிருக்க மாட்டனா?" என்றார். அவருக்குச் சர்க்கரை நோய் வந்து அப்போது 18 வருடம்.

டாக்டர் ஒரு நைலான் இழையை எடுத்தார். தோலில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளைந்துவிடும் இழை அது. "கண்ண மூடிக்குங்க. தொடும்போது சொல்லுங்க" என்றார். ஒவ்வொரு காலிலும் நாலு இடத்தில் தொட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து காலைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை. படித்ததில் எனக்குப் புரிந்ததை, அப்பாவைப் போல ஒருவர் வீட்டில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு அடி எடுத்து வைக்கும்போது

ஒரு காலில் 26 எலும்புகள். இத்தனை துண்டுகள் எதற்கு என்று எனக்கு முதலில் தோன்றியது. காரணம், கால் ஒவ்வொரு அடியிலும் இரண்டு எதிரெதிரான வேலைகளைச் செய்கிறது. தரையில் இறங்கும்போது மெத்தை மாதிரி இளக வேண்டும். உடலை முன்னே தள்ளும்போது கடப்பாரை மாதிரி விறைக்க வேண்டும்.

முதலில் குதிகால் தரையைத் தொடுகிறது. குதிகாலின் கொழுப்புத் திண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. பிறகு பாதம் முழுதும் தரையில் படிந்து, சற்று உள்பக்கமாகச் சாய்ந்து, மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கிறது. கடைசியில் குதிகால் மேலெழும்ப, எடை முழுதும் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முனைகளுக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்துதான் உடல் முன்னே தள்ளப்படுகிறது.

இளகிய கால் எப்படி விறைக்கிறது? நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வைத்து, பெருவிரலை மட்டும் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். உள்ளங்கால் வளைவு உயர்ந்து, அடியில் ஒரு நார்ப்பட்டை கயிறு மாதிரி முறுக்கேறுவது தெரியும். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடும் பட்டை அது. விரல் மடங்கும்போது அது எலும்பு முனையைச் சுற்றி இழுபட்டு, பாதத்தை ஒரே கட்டையாக்கிவிடுகிறது. ஹிக்ஸ் என்பவர் 1954-ல் இதை விளக்கி எழுதினார். காலையில் எழுந்ததும் குதிகாலில் சுரீரென்று குத்துகிறது என்பார்களே, பெரும்பாலும் இந்தப் பட்டை குதிகாலோடு சேரும் இடத்தில் வரும் கோளாறுதான் அது.

பாதத்தில் நடப்பது பாதத்தோடு நிற்பதில்லை. பாதம் உள்பக்கம் சாய்ந்தால் கணுக்காலுக்குக் கீழே இருக்கும் மூட்டு அந்தச் சாய்வைச் சுழற்சியாக மாற்றுகிறது. கெண்டைக்கால் எலும்பு உள்நோக்கித் திரும்ப, முழங்காலும் இடுப்பும் அதற்கு ஈடுகொடுக்கின்றன. செருப்புக்குள் ஒரு சின்னக் கல் புகுந்தால் போதும். யாரும் சொல்லித்தராமலே அடி குட்டையாகிறது, பாதம் ஓரமாகப் படிகிறது, இடுப்பு ஒரு பக்கம் தூக்குகிறது. உடம்பு முழுக்கச் சேர்ந்து அந்த ஒரு புள்ளியைக் காப்பாற்றுகிறது. வலி என்பதை நாம் தொந்தரவு என்கிறோம். உண்மையில் நடையை நொடிக்கு நொடி திருத்திக்கொண்டிருப்பது அதுதான்.

வேலூரில் கிடைத்த விடை

இதைக் கண்டுபிடித்துச் சொன்ன கதை நம் ஊரில் நடந்தது. பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில், அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது மடங்கிப்போன கைகளையும் தேய்ந்துபோன கால்களையும் கண்டு, அந்த வேலையிலேயே இறங்கிவிட்டார்.

தொழுநோய் சதையை அரித்துத் தின்னும், அதனால்தான் விரல்கள் உதிர்கின்றன என்பது அன்றைய பொதுவான நம்பிக்கை. பிராண்ட் பார்த்தது வேறு. அவர்களுடைய சதை மற்றவர்களுடைய சதையைப் போலவே ஆறியது. புண்ணான காலுக்கு மாவுக்கட்டுப் போட்டால் புண் மூடியது. கட்டைப் பிரித்து நடக்க விட்டால் அதே இடத்தில் மறுபடியும் திறந்தது. கையில் இரவோடு இரவாகக் காயம் வந்த சிலருக்கு, தூங்கும்போது எலி கடித்திருந்தது. வலி இல்லாததால் விழிக்கவே இல்லை. அதற்காக அவர்களுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். நோய் நரம்பைத்தான் கொல்கிறது, விரலைப் பறிப்பது வலியின்மை என்பது அவருடைய முடிவு.

வலியற்ற கால் கெட்டுப்போக மூன்று வழிகள் இருக்கின்றன. ஆணியோ முள்ளோ குத்துவது ஒன்று. இறுக்கமான ஷூ மணிக்கணக்கில் அழுத்தி ரத்தத்தை நிறுத்துவது இரண்டு. மூன்றாவதுதான் யாரும் சந்தேகப்படாதது. சாதாரண நடை. ஒருமுறை அழுத்தினால் ஒன்றும் செய்யாத அழுத்தம், அதே இடத்தில் ஆயிரம் முறை விழுவது.

பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே மயக்க மருந்து கொடுத்த எலிகளின் பாதத்தில் மிதமான அழுத்தத்தை ஒரு கருவியால் ஆயிரக்கணக்கான முறை கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் சூடும் வீக்கமும் வந்தன. நாள் தவறாமல் தொடர்ந்தபோது புண் வந்தது. எண்ணிக்கையைக் குறைத்து, இடையில் ஓய்வும் கொடுத்தபோது பாதம் புண்ணாகவில்லை, தடித்து உறுதியானது.

நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் நாளுக்கு 6,000 அடி நடந்தால், ஒரு காலுக்கு 3,000. ஒவ்வொரு அடியிலும் குறைந்தது உடல் எடை அளவு விழுகிறது. அப்படியானால் ஒரு கால் ஒரு நாளில் வாங்குவது மொத்தம் 210 டன். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடும் என்று பி.இ.யில் படித்தது ஞாபகம் வந்தது. சதைக்கும் கம்பிக்கும் ஒரு வித்தியாசம்தான். சதைக்கு நேரம் கொடுத்தால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். நமக்கு வலி அந்த நேரத்தை வாங்கித் தருகிறது. அப்பாவுக்கு அது இல்லை. எங்கள் வேலையில் சர்வர் சூடாவதைச் சொல்லும் அலர்ட்டை யாராவது அணைத்து வைத்துவிட்டால் என்ன ஆகுமோ, அதேதான்.

சர்க்கரை நோயில் என்ன நடக்கிறது

தொழுநோய்க் கால்களில் கற்ற பாடம்தான் இன்று உலகம் முழுக்கச் சர்க்கரை நோய்க் கால்களுக்குப் பயன்படுகிறது. நீண்டகாலச் சர்க்கரையில் மூன்று வகை நரம்புகளும் பாதிக்கப்படலாம். உணர்ச்சி நரம்பு போனால் வலி போகிறது. தசையை இயக்கும் நரம்பு போனால் பாதத்தின் சிறு தசைகள் சூம்பி, விரல்கள் நகம்போல மடங்குகின்றன. விரலடி எலும்புகளுக்குக் கீழே இருந்த கொழுப்புத் திண்டு முன்னால் நகர்ந்துவிட, எலும்பு நேராகத் தோலின் மேல் உட்காருகிறது. வியர்வையைக் கவனிக்கும் நரம்பு போனால் தோல் வறண்டு வெடிக்கிறது.

கூடவே குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாரும் விறைக்கிறது. கணுக்கால் போதுமான அளவு மடங்காததால் குதிகால் சீக்கிரமே எழும்பிவிடுகிறது. எடை முன்பாதத்தில் கூடுதல் நேரம் நிற்கிறது. அப்பாவுக்குப் புண் ஏன் சரியாகப் பெருவிரல் அடியில் வந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"மருந்து புண்ணுக்குத்தான் போடறோம். புண்ணு மேலயே நடந்துட்டிருந்தா மருந்து என்ன பண்ணும்?" என்றார் டாக்டர். பாதத்தோடு ஒட்டிப் படியும் மாவுக்கட்டுப் போட்டார். ஏழு வாரத்தில் ஆறியது.

எம்.சி.ஆர். செருப்பு

ஆறியபின் எழுதிக் கொடுத்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோ செல்லுலார் ரப்பர், அதாவது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர். வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் மரக்கட்டை முதல் பலவற்றை முயன்றுபார்த்து வந்து சேர்ந்த பொருள். மேலே எம்.சி.ஆர்., அடியில் முள் ஏறாதபடி டயர் ரப்பர் என்பது நெடுநாள் வழக்கம்.

இது எடையைக் குறைப்பதில்லை, பரப்பைக் கூட்டுகிறது. மேடான எலும்பு ரப்பருக்குள் அமுங்கும்போது சுற்றியுள்ள சதையும் தரையைத் தொட்டு எடையைப் பங்கு போட்டுக்கொள்கிறது. அதற்குச் சரியான மென்மை வேண்டும். ரொம்பக் கெட்டி என்றால் அமுங்காது. ரொம்ப மெத்தென்று இருந்தால் முழுக்க நசுங்கி, கால் கட்டாந்தரைக்கே வந்துவிடும்.

வாங்கும்போது நாங்கள் பார்ப்பவை:

- கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கணும், விட்டதும் எழணும். பழைய செருப்பில் பெருவிரலடியில் பள்ளம் நிரந்தரமாகிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.
- பின்னால் வார் இருக்கணும். உணர்ச்சி இல்லாத காலிலிருந்து செருப்பு கழன்றால் தெரியாது. அப்பாவின் ஒற்றைச் செருப்புக்குக் காரணம் அதுதான்.
- விரலிடுக்கில் வார் கூடாது. ஆணியும் கூடாது, தையலோ பசையோதான்.
- புண் இருக்கும்போது செருப்பை நம்பக் கூடாது. விரல்கள் மிகவும் கோணியிருந்தால் அளவெடுத்துச் செய்வதுதான் சரி.

வீட்டுக்குள் செருப்பு

வாங்குவதைவிடப் போட வைப்பது பெரும்பாடாக இருந்தது. இந்தக் கால் வீட்டுக்குள்ளும் வெறுங்காலாக நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அம்பது வருஷமா வீட்டுக்குள்ள செருப்புப் போட்டதில்லடா. சாமி இருக்கிற வீடு" என்றார் அப்பா. நான் எலி, டன், அழுத்தம் எல்லாம் விளக்கினேன். தலையாட்டிவிட்டு வெறுங்காலோடு எழுந்து போனார்.

தீர்த்து வைத்தது அம்மா. தெருவையே பார்க்காத புது ஜோடி ஒன்றை வாங்கித் துடைத்து வைத்தார். "இது செருப்பில்லங்க. கட்டுன்னு நெனச்சுக்குங்க. மாவுக்கட்டோட வீட்டுக்குள்ள நடந்தீங்கல்ல?" அவ்வளவுதான். பூஜையறை வாசலில் மட்டும் கழற்றிவிட்டு, உள்ளே மனையில் உட்கார்ந்துகொள்கிறார். கோயிலுக்கு, கல் சுடுவதற்கு முன் விடிகாலையில் போகிறார்.

வலி செய்த வேலையை இப்போது கண்ணும் கையும் செய்கின்றன. செருப்பைப் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கிறார். இரவில் அம்மா இரண்டு உள்ளங்கால்களையும் பார்த்து, புறங்கையால் தொட்டு ஒப்பிடுகிறார். புண் வருவதற்கு முன் அந்த இடம் சுடும். இரண்டு காலிலும் ஒரே இடத்தை அளந்து, வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நடையைக் குறைக்க வேண்டும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நடக்கும்போது அடியைக் குட்டையாக, மெதுவாக வைக்கப் பழகிவிட்டார். எட்டி வைத்தால் முன்பாதத்தில் தள்ளும் விசை கூடும்.

போன மாதம் ஒருநாள் இரவு, "இடது கால்ல இந்த எடம் மட்டும் சுடுதுடா" என்று அம்மா கூப்பிட்டார். தொட்டுப் பார்த்தேன், சுட்டது. தோல் சிவக்கக்கூட இல்லை. மறுநாள் டாக்டரிடம் காட்டினோம். நடக்க வேண்டாம் என்றார். மூன்றாம் நாள் சூடு இறங்கிவிட்டது.

அந்த மூன்று நாளும் பால் நான்தான் வாங்கி வந்தேன்.