அரபியில் ஒருவரை அழைப்பது எப்படி?



நம் குடும்பங்களிலிருந்து சவூதி, குவைத், கத்தார் என்று பிழைப்புக்குப் போகிறவர்கள் பலர். குர்ஆன் ஓதிப் பழகிய நாவுக்கு அரபி எழுத்து புதிதல்ல. பேச்சில் ஆளை விளிக்கும் முறைதான் புதிது. அங்கே ஒரு சொல் இடம் மாறினால் மனக்கசப்பு வரும். சில நேரம் வேலைக்கே கேடாகும். ஆகவே அவசியமான சிலவற்றைத் தருகிறோம்.

யா: நம் பேச்சில் "யா" போட்டால் மரியாதைக் குறைவு. அரபியில் அப்படியில்லை. அது வெறும் விளிச்சொல், பெரியவர்களுக்கும் பொருந்தும்.

அகீ, உக்தீ: "என் சகோதரரே, என் சகோதரியே." நாம் காக்கா, நானா, லாத்தா என்பது போல. முன்பின் தெரியாதவரிடமும் தயங்காமல் சொல்லலாம்.

அம்மீ, காலா: வயதில் மூத்தவர்களுக்கு. அம்மீ என்றால் தந்தையின் சகோதரர். உருது பேசுவோர் தாயை அழைக்கும் "அம்மி" வேறு. காலா, தாயின் சகோதரி.

பாபா, மாமா: வளைகுடா வீடுகளில் வேலை செய்வோர் வீட்டுக்காரரை "பாபா" என்றும், வீட்டம்மாவை "மாமா" என்றும் அழைப்பது வழக்கம். அங்கே மாமா என்றால் தாய்! புதிதாகப் போகிறவர்கள் குழம்ப வேண்டாம்.

அபூ, உம்மு: பெரும்பாலும் மூத்த மகனின் பெயரோடு சேர்த்து "அபூ ஃபஹத்", "உம்மு ஃபஹத்" என்பார்கள். இதற்குக் குன்யா என்று பெயர். அன்பும் மரியாதையும் சேர்ந்த அழைப்பு இது. ஒருவரின் மனைவி பெயரைக் கேட்பதை அங்கே பலர் விரும்புவதில்லை. "உம்மு" என்று சொல்வதே பாதுகாப்பு.

ஹபீபி: "என் அன்புக்குரியவரே." ஆண்கள் தமக்குள் தாராளமாகச் சொல்வார்கள், கடைக்காரரும் சொல்வார். ஆனால் மஹ்ரம் அல்லாத பெண்ணிடம் ஓர் ஆண் "ஹபீபதீ" என்று சொல்லவே கூடாது. விளையாட்டுக்கும் வேண்டாம்.

ஸதீக், ரஃபீக்: நண்பர், தோழர் என்று நல்ல பொருள்தான். பெயர் தெரியாத நம் நாட்டுத் தொழிலாளரை அங்குள்ளவர்கள் இப்படி அழைப்பார்கள். கோபப்பட வேண்டாம். சலாம் சொல்லி உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த முறை பெயரால் அழைப்பார்கள்.

நபி (ஸல்) அவர்கள், தமக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை "யா புனய்ய", அதாவது "என் அருமை மகனே" என்று அழைத்திருக்கிறார்கள். அவருடைய சின்னஞ்சிறு தம்பியையும் "அபூ உமைர்" என்று குன்யாவால் அழைத்திருக்கிறார்கள். பட்டப்பெயர் சூட்டி இழிவாக அழைப்பதை அல்ஹுஜுராத் சூராவின் 11ஆம் வசனம் தடுக்கிறது. வேலைக்காரரானாலும் குழந்தையானாலும் கண்ணியமாக அழைப்பதே நம் மார்க்கம் காட்டும் வழி.

பயணம் புறப்படும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இவற்றைச் சொல்லி அனுப்புங்கள். அல்லாஹ் அவர்களின் பயணத்தை பரக்கத் ஆக்குவானாக. ஆமீன்.