பொம்மை காட்டிய முகம்

பிறந்த இரண்டாவது மாதத்தில் ஒரு நாள், தொட்டிலில் கிடக்கும் குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறதே, அந்தச் சிரிப்புக்காக எத்தனை இரவு வேண்டுமானாலும் கண் விழிக்கலாம் என்று தோன்றும். ஆனால், அம்மா எதிரே வந்து நின்றாலும் ஏறெடுத்துப் பார்க்காத குழந்தைகளும் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. காதுதான் மந்தமோ என்று நினைத்தால், அடுத்த அறையில் பிஸ்கட் பொட்டலம் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடி வந்துவிடும்! பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டு, அதன் சக்கரத்தையே மணிக்கணக்கில் சுழற்றிக் கொண்டிருக்கும்.

இதற்கு ஆட்டிசம் என்று பெயர். ஒரு காலத்தில், தாய் சரியாக அன்பு காட்டாததுதான் காரணம் என்று பெரிய படிப்புப் படித்தவர்களே பழி போட்டார்கள். பெற்றவள் பாவம், ஏற்கெனவே நொந்து போயிருப்பாள். அவள் தலையில் இந்தப் பாரம் வேறு! அது முழுத் தவறு என்பது பிற்பாடு தெளிவாகிவிட்டது. மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம் இது, வளர்ப்பின் குற்றமல்ல.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் துணையாக, மேல் நாடுகளில் யந்திரப் பொம்மைகளைக் கொண்டு வந்து உட்கார வைத்திருக்கிறார்கள். "மனிதரோடு பழகத் தெரியாத குழந்தைக்கு யந்திரமா துணை? வேடிக்கைதான்!" என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான கேள்விதான். காஸ்பரின் கதையைக் கேளுங்கள்.

<b>சட்டை போட்ட காஸ்பர்</b>

இங்கிலாந்தில் ஹாட்ஃபீல்டு என்ற ஊரில் ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே கெர்ஸ்டின் டவுட்டன்ஹான் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் 2005ல் உருவாக்கத் தொடங்கிய ரோபோதான் காஸ்பர். சிறு பையன் அளவு உருவம். நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே சட்டை, கால்சராய். முகம் மட்டும் மொழுமொழுவென்று ரப்பர் முகமூடி. புருவ நெரிப்பு இல்லை. கன்னச் சுருக்கம் இல்லை. கண் சிமிட்டும், தலையை ஆட்டும், கையைத் தூக்கும், லேசாகச் சிரிக்கும். அவ்வளவுதான்.

அழகாகச் செய்யத் தெரியாமல் இப்படிச் செய்துவிடவில்லை. மனித முகம் லேசுப்பட்ட சமாசாரமா? ஒரு நிமிஷத்தில் எத்தனை மாற்றம்! உதடு ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும், குரல் மூன்றாவதாக ஒன்று சொல்லும். நமக்கு இது பழகிப் போய்விட்டது. ஆட்டிசம் உள்ள குழந்தை பலவற்றுக்கோ அது சந்தைக் கடை இரைச்சல் மாதிரி. ஒன்றும் புரியாமல் முகத்தைத் திருப்பிக் கொள்கிறது. காஸ்பரின் முகத்தில் அந்த இரைச்சல் கிடையாது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு சேதிதான். நேற்றுச் செய்ததையே இன்றும் செய்யும். நூறாவது தடவையும் அலுப்புத் தட்டாது; குரல் உயராது.

காஸ்பரின் பாதத்தில் கிச்சுக்கிச்சு மூட்டினால் கூசுகிறது என்று சொல்லிச் சிரிக்கும். ஓங்கி அடித்தாலோ, வலிக்கிறது என்று சொல்லி முகத்தைக் கைகளால் மூடிக் கொள்ளும். அப்போது ஆசிரியை குழந்தையின் கையைப் பிடித்து, மெதுவாகத் தொடுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறாள். பொம்மையை அடித்துக் கற்றுக் கொண்ட பாடம், தம்பி தங்கையை அடிக்காமல் இருக்க உதவும் அல்லவா? சில குழந்தைகள் காஸ்பரின் முகத்தையும் கண்ணையும் விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, அப்படியே பக்கத்தில் இருக்கும் பெரியவர் முகத்தையும் தொட்டுப் பார்க்கத் திரும்பியிருக்கிறார்கள். அந்தத் திரும்புதலுக்காகத்தான் இத்தனை பாடும்!

இதில் இன்னொரு விஷயம்: காஸ்பரைத் தனியே விட்டுவிட்டு யாரும் சமையலறைக்குப் போய்விடுவதில்லை. பெரும்பாலும் பித்தான்களை அழுத்தி அதை ஆட்டி வைப்பவர் பக்கத்திலேயே இருக்கும் ஆசிரியர்தான். சில சமயம் பித்தான் குழந்தையின் கைக்கே வந்துவிடும்.

<b>முப்பது நாள் விருந்தாளி</b>

அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் வேறொரு பரீட்சை செய்து, 2018ல் அதன் விவரத்தை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள, 6 முதல் 12 வயது வரையிலான 12 குழந்தைகளின் வீட்டுக்கு ஆளுக்கொரு ரோபோவை அனுப்பினார்கள். தினம் அரை மணி நேரம், 30 நாள், கதையும் விளையாட்டும். ரோபோ, குழந்தை, வீட்டுப் பெரியவர் ஒருவர் என்று மூவரும் கூட இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ரோபோ குழந்தையையும் பார்க்கும், பெரியவரையும் பார்க்கும். அதன் பார்வையைத் தொடர்ந்து குழந்தையின் பார்வையும் போகும். மாத முடிவில், ரோபோ இல்லாத நேரத்திலும், பெரியவர் காட்டியதைக் கவனித்துப் பார்ப்பதில் குழந்தைகள் முன்னேறியிருந்தார்கள். தங்களை அதிகமாகப் பார்க்கிறார்கள், தாங்களாகவே பேச்சுக் கொடுக்கிறார்கள் என்று வீட்டாரும் சொன்னார்கள்.

பன்னிரண்டு குழந்தைகள் என்பது சின்னக் கணக்குதான். எல்லாக் குழந்தைக்கும் இது ஒத்துவரும் என்றோ, ஆட்டிசத்தைப் போக்கிவிடும் என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

<b>போய்விட்ட நண்பன்</b>

இனி, கொஞ்சம் கசப்பான கதை. மாக்ஸி என்று ஒரு ரோபோ. 5 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்காக அமெரிக்கக் கம்பெனி ஒன்று 2020ல் வெளியிட்டது. பிற்பாடு சுமார் 800 டாலருக்கு விற்றார்கள். பேசும், கேட்கும், மனத்தாங்கலைச் சொன்னால் ஆறுதல் கூறும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் வீடுகளிலும் அது செல்லமாக இடம் பிடித்துக் கொண்டது. ஆனால் அதன் மூளை பொம்மைக்குள் இல்லை. இன்டர்நெட்டுக்கு அப்பால், எங்கோ உள்ள கம்ப்யூட்டர்களில் இருந்தது. 2024 டிசம்பரில், பணம் திரட்ட முடியாமல் கம்பெனியை மூடப் போவதாக அறிவித்தார்கள். மாக்ஸி இனிப் பேசாது!

சிநேகிதன் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கும் குழந்தைக்கு என்னவென்று பதில் சொல்லுவது? பிரிவைப் பக்குவமாகச் சொல்லப் பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டே அதை இயக்க ஒரு வழியையும் பிற்பாடு கொடுத்தார்கள். இருந்தாலும், ஒரு நாள் கூட மாற்றம் பொறுக்காத குழந்தைகளுக்கு அது எப்பேர்ப்பட்ட அதிர்ச்சி!

ஆகையால், இத்தகைய பொம்மையை வாங்க நினைக்கும் தாய்மார்கள் முதலில் சில கேள்விகள் கேட்க வேண்டும். கம்பெனி மூடினாலும் இது வேலை செய்யுமா? குழந்தை பேசுவதெல்லாம் யாருடைய கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்கிறது? குழந்தைக்குப் பயிற்சி கொடுப்பவர் இதைப் பற்றி என்ன சொல்லுகிறார்? எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் உட்கார நமக்குத் தினம் அரை மணி இருக்கிறதா?

நம் வீடுகளில் நடைவண்டி இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று சக்கர மரவண்டி. குழந்தை அதைப் பிடித்துத் தள்ளிக் கொண்டு தத்தித் தத்தி நடக்கும். எதிரே நாலடி தள்ளி, இரண்டு கைகளையும் நீட்டியபடி அம்மா உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுக் குழந்தை அவளிடம் வந்து விழும். மறுநாள் வண்டி பரணுக்குப் போய்விடும். யந்திரப் பொம்மையும் அந்த நடைவண்டிதான். அது எவ்வளவு கெட்டிக்கார வண்டியாக இருந்தாலும் சரி, எதிரே நீட்டிய கைகள் இல்லாவிட்டால் குழந்தை யாரை நோக்கி நடக்கும்?