தேவனாம்பட்டினம்: இரண்டு தடைகள்

ஏப்ரல் 15 பிறந்தால் கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஜூன் 14 வரை, 61 நாள், எதுவும் கடலுக்குப் போகாது. பலகை மாற்றுவது, வண்ணம் அடிப்பது, வலை பழுது பார்ப்பது என்று கரையில் வேலை நடக்கும். 2001இல் இந்தத் தடைக்காலம் தமிழகத்துக்கு வந்தபோது 45 நாள்தான். 2017இல் 61 நாளாக நீண்டது. காலத்தை மாற்று, நிவாரணத்தைக் கூட்டு என்ற கோரிக்கைகள் இன்றும் உண்டு. ஆனாலும் தடைக்காலமே வேண்டாம் என்று கொடி பிடிப்பவரைப் பார்ப்பது அரிது.

மீன் முட்டையிடும் பருவம் என்ற காரணம் மீனவருக்கு விளங்கியது. ஒரு ஊர் நிற்க இன்னொரு ஊர் அள்ளிக்கொண்டு போவதில்லை. கிழக்குக் கடற்கரையின் விசைப்படகுகள் எல்லாமே நிற்கின்றன. வருமானம் போன வீட்டுக்கு அரசு பணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்த அந்த நிவாரணத்தை 8,000 ஆக்குவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் 2023இல் அறிவித்தார். இரண்டு மாதத்துக்கு அது போதாது. ஆனால் உன் நஷ்டம் எனக்குத் தெரியும் என்று அரசு சொல்வதற்கு அது அடையாளம்.

இதே கடலூர்க் கரையில் உள்ள மீனவ ஊரான தேவனாம்பட்டினத்தில் இன்னொரு தடை வேறு விதமாகப் போயிற்று. சுருக்குமடி வலையை அரசு 2000இலேயே தடை செய்துவிட்டது. அடியில் வளையங்கள் கோத்த பெரிய வலை அது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, கயிற்றை இழுத்தால் பாட்டியின் சுருக்குப்பை போல அடிப்பக்கம் மூடிக்கொள்ளும். மத்தியும் காணாங்கெளுத்தியும் கூட்டத்தோடு மேலே வரும். ஆணை காகிதத்தில் கிடக்க, 2004 சுனாமிக்குப் பிறகு கரைக்குப் புதுப் படகுகள் வந்தன, பெரிய வலைகளும் வந்தன. கடன் வாங்கி லட்சக்கணக்கில் போட்டார்கள். ஒரு வலையை நம்பிப் பல குடும்பங்கள் பிழைத்தன. பல ஆண்டுகள் கழித்துத்தான் அதிகாரிகள் கெடுபிடி காட்டினார்கள். சிறுவலைக்காரர்களோ, எங்கள் பங்கு மீனையும் குஞ்சுமீனையும் இது வாரிவிடுகிறது என்று கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2018இல் தேவனாம்பட்டினத்துக்கும் அருகிலுள்ள மீனவ ஊரான சோனாங்குப்பத்துக்கும் மோதல் மூண்டு உயிர்ப்பலி வரை போனது. ஒரே தொழில், பெண் கொடுத்து எடுத்த ஊர்கள்.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால வழி சொன்னது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை சுருக்குமடி போடலாம். ஊரில் பேசித் தீர்க்க வேண்டியது டெல்லியில் நாள் குறித்து வந்தது.

மேலிருந்து வரும் ஆணை இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் இங்கிருந்த கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை எல்லை என்று வகுத்துக்கொண்டது. உள்ளே இருந்த ஊர்களை யாரும் கேட்கவில்லை. அதற்கு நேர் மாறானது கட்டுமரக் காலத்து ஊர்ப் பஞ்சாயத்து. கேடு விளைவிக்கும் வலையை அதுவும் தடுத்தது, மீறினால் அபராதம் போட்டது. ஆனால் தடை போடும் ஊர்த் தலைவரான நாட்டாரும் மறுநாள் அதே கடலுக்குத்தான் போக வேண்டும்.

சுருக்குமடிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதே என் எண்ணம். சுனாமி நிவாரணத்தில் படகுகள் வந்து இறங்கிய 2005இலேயே மீன்வளத் துறை இரு தரப்பையும் உட்கார வைத்திருந்தால், கடன் ஏறுவதற்கு முன்பே தகராறு தீர்ந்திருக்கும். இப்போது செய்ய வேண்டியது கூடுதல் செலவுள்ள வேலை. பெரிய வலை வைத்திருப்பவருக்கு மாற்றுத் தொழிலுக்கு மானியம், அவர் கடனுக்கு ஒரு வழி, எந்தப் பருவத்தில் எந்த மீன் குறைகிறது என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எடுக்கும் கணக்கு. இவற்றோடு மீன்வளத் துறை அமைச்சரே கடலூருக்கு வந்து, சோனாங்குப்பத்து நிர்வாகிகளையும் தேவனாம்பட்டினத்து நிர்வாகிகளையும் ஒரே பந்தலில் உட்கார வைத்துப் பேச வேண்டும்.