கண் காணும் எழுத்தும் கணினி காணும் எழுத்தும்: செண்பகத்தோப்பைத் தேடும் மாணவர்க்கான இணைய விளக்கம்

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த வனப்பகுதி செண்பகத்தோப்பு. காட்டழகர் கோயிலுக்குச் செல்வோர் இதன் வழியே மலையேறுகின்றனர். பளியர் குடியிருப்பும் இங்கு உண்டு. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காடு, 2021 பிப்ரவரியில் உருவான ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பயிலும் மாணவி ஒருத்தி, தன் ஊருக்கு அண்மையிலுள்ள இக்காட்டைப் பற்றிக் கட்டுரை எழுத இணையத்தை நாடுகிறாள் எனக் கொள்ளலாம். தேடல், உலாவி, இணையப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் பாடநூல்களில் தனித்தனிப் பாடங்களாகவே நிற்கின்றன. ஆயின் அம்மாணவி எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள் பலவற்றுக்கும் வேர் ஒன்றே. மனிதக் கண் எழுத்தின் வடிவத்தைக் காண்கிறது. கணினியோ அவ்வெழுத்துக்குரிய எண்ணை மட்டுமே காண்கிறது. இவ்வேறுபாட்டின் வழி அம்மூன்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் தேடலும்

தேடுபொறியில் 'செண்பகத்தோப்பு' என்று மட்டும் இட்டால், திருவண்ணாமலை மாவட்டத்தில் படவேட்டுக்கு அருகிலுள்ள செண்பகத்தோப்பு அணையும் உடன்வரும். அணையின் நீர்மட்டச் செய்தியைத் தன் ஊர்க் காட்டுக்குரியதாக மாணவி குறித்துக்கொள்ள வாய்ப்புண்டு. தேடல் பக்கத்தின் தலைப்பில் இன்று தோன்றும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கமும் இவ்விரண்டையும் கலந்து தரக்கூடும் என்பதால், அதன் கீழுள்ள மூலப் பக்கங்களைத் திறந்து எந்த மாவட்டம் என்று பார்த்தாக வேண்டும். 'செண்பகத்தோப்பு ஸ்ரீவில்லிபுத்தூர்' என இரு சொற்களாகத் தேடுவது முதற்படி. 'அணை' என்னும் சொல்லின் முன் இடைவெளியின்றிக் கழித்தற்குறி இட்டுத் தேடினால் அச்சொல் வரும் பக்கங்கள் விலக்கப்படும்.

அடுத்த இடர்ப்பாடு தமிழின் இயல்பால் வருவது. செண்பகம், தோப்பு ஆகிய இரு சொற்கள் புணர, மகரம் கெட்டு வல்லினம் மிக்குச் செண்பகத்தோப்பு ஆயிற்று. எழுதுவோர் இதனைச் சேர்த்தும் பிரித்தும் ஒற்று விடுத்தும் எழுதுகின்றனர். 'சண்பகம்' என்று தொடங்குவாரும் உளர். மேலும் வேற்றுமை உருபு ஏறும்போது ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு, செண்பகத்தோப்பில், செண்பகத்தோப்பின், செண்பகத்தோப்பை என்றாகிறது. மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுவது, உள்ளவாறே உள்ள வடிவத்தைக் கேட்பதாகும். எனவே உகர ஈற்றுடன் மேற்கோள் குறிக்குள் தேடுபவருக்கு உருபேற்ற வடிவங்கள் மட்டுமே வரும் பக்கங்கள் தப்பிப்போகலாம். ஆங்கில வினாக்களுக்கு எனக் கற்பிக்கப்படும் இவ்வுத்தியைத் தமிழுக்கு அப்படியே பொருத்துவது அத்துணைப் பயன் தருவதன்று. உருபேற்ற வடிவங்களையும் தனித்தனியே தேடிப் பார்த்தல் நலம்.

காலமும் பெயரை மாற்றுகிறது. 1985க்கு முற்பட்ட எழுத்துகளில் இப்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்தது; 1985 முதல் 1997 வரை காமராசர் மாவட்டம்; அதன்பின் விருதுநகர் மாவட்டம். காட்டைப் பற்றிய பழைய குறிப்புகள் அணில் சரணாலயம் என்றும், புதியவை புலிகள் காப்பகம் என்றும் வழங்கும். எக்காலத்துச் செய்தி வேண்டுமோ அக்காலத்துப் பெயரால் தேடுதல் வேண்டும் என்பதை வரலாறு பயில்வோர் அறிவர். இணையம் பயில்வோருக்கு இதனை எவரும் சொல்லித் தருவதில்லை.

ஒரே தோற்றம், வேறு எண்

ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தகரத்தின் எண் 2980. 'தோ' என்னும் எழுத்தைத் தகரத்தோடு 3019 என்னும் ஓகாரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். ஏகாரக் குறியையும் (3015) காலையும் (3006) தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இவை நிகரானவை என ஒருங்குறித் தரமே வரையறுத்திருப்பதால், தரத்தைப் பின்பற்றும் மென்பொருள்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பொருத்த இயலும்.

'ஸ்ரீ' அவ்வாறன்று. இதனை 3000 எனும் எண்ணுடைய ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம். 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட, 2998 எனும் எண்ணுடைய மற்றோர் எழுத்தைக் கொண்டும் எழுதலாம். பின்னதே இன்று பரிந்துரைக்கப்படும் முறை. ஆயினும் முன்னைய முறையில் எழுதப்பட்டவை ஏராளம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். தரம் இவற்றை நிகரெனக் கொள்ளவில்லை. தேடுபொறிகள் இவ்வேறுபாட்டைத் தாமே சரிசெய்துகொள்ளக்கூடும். ஆனால் உலாவியில் பக்கத்தினுள் சொல் தேடும் வசதியும் எளிய நூற்பட்டியல் தேடல்களும் அவ்வாறு செய்யும் என்பதற்கு உறுதியில்லை. மாணவியின் விசைப்பலகை ஒரு முறையிலும், அவள் திறந்த ஆவணம் மறுமுறையிலும் எழுதப்பட்டிருந்தால், கண்முன்னே 'ஸ்ரீவில்லிபுத்தூர்' பத்து இடங்களில் நிற்க, 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று கணினி கூறும். முதலெழுத்தை விடுத்து 'வில்லிபுத்தூர்' என்று தேடுவது எளிய தீர்வு. திருவில்லிபுத்தூர் என்று எழுதிய ஆவணங்களும் அதில் அகப்படும். பாரதம் பாடிய வில்லிபுத்தூராரும் சில வேளை உடன்வருவார்.

தமிழ் எண்களிலும் இவ்வொப்புமை உண்டு. ஒன்றைக் குறிக்கும் ௧ ககரத்தையும், ஏழைக் குறிக்கும் ௭ எகரத்தையும் ஒத்திருக்கும். ககரத்தின் எண் 2965. ௧ என்பதன் எண் 3047.

முகவரியின் ஈறு

தேடலில் வெறும் தொல்லையாக நிற்கும் இதே ஒப்புமை, பாதுகாப்பில் கண்ணியாகிறது. இலத்தீன் 'அ' எழுத்தின் எண் 97. அதனோடு வடிவொத்த சிரிலிக் எழுத்தின் எண் 1072. ஆய்வாளர் ஒருவர் 2017இல் ஆப்பிள் நிறுவனத்தின் பெயரை முழுதும் சிரிலிக் எழுத்துகளால் ஆக்கி, முகவரியாகப் பதிவு செய்து காட்டினார். அன்றைய குரோம், பயர்பாக்ஸ் உலாவிகளில் அது உண்மை முகவரி போலவே தோன்றியது. குரோம் தன் 58ஆம் பதிப்பில் இக்குறையைத் திருத்தியது.

போலி முகவரிகள் பலவற்றுக்கு இத்துணை நுட்பமும் தேவைப்படுவதில்லை. படிப்பவர் முகவரியின் தொடக்கத்தை மட்டும் பார்ப்பார் என்ற நம்பிக்கையே போதும். தமிழில் தொகையின் தலைமைச் சொல் இறுதியில் நிற்கும். செண்பகத்தோப்பு ஒரு தோப்பேயன்றிச் செண்பகம் அன்று. இணைய முகவரியும் இவ்வாறே ஈற்றிலிருந்து படிக்கத்தக்கது. பெயர்ப்பகுதி முடியும் முதற் சாய்கோட்டுக்கு முன்னுள்ள இறுதிச் சொற்களே உரிமையாளரைக் காட்டும். அவற்றுக்கு முன் அரசின் பெயரோ வனத்துறையின் பெயரோ எத்தனை முறை வந்தாலும் அது அடைமொழி மட்டுமே. 'கவ்.இன்' என்னும் ஈறு இந்திய அரசு அமைப்புகளுக்கு உரியது. 'கவ்-இன்' என்று சிறுகோட்டுடன் வந்து 'காம்' என முடியும் முகவரி எவருக்கும் உரியதாகலாம்.

இவ்விதியை மட்டும் மனனம் செய்துகொண்டால் போதாது என்பதற்குச் செண்பகத்தோப்பே சான்று. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளுக்கு இணையவழிப் பதிவைத் தொடங்கியது. செண்பகத்தோப்புப் பாதையும் அவற்றுள் ஒன்று. அதற்கான தளத்தின் முகவரியோ 'காம்' என்றே முடிகிறது. அரசுக்குரியவை எல்லாம் 'கவ்.இன்' என முடியும் என்று கற்ற மாணவி உண்மைத் தளத்தை ஐயுறுவாள். 'காம்' என முடிந்தாலும் அரசுத் தளமாகலாம் என்று மட்டும் கற்றவள் போலித் தளத்தை நம்புவாள். அரசு அறிவிப்பில் வெளியான முகவரியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுதலும், அம்முகவரியை உலாவியின் முகவரிப் பட்டையில் நேரே தட்டுதலுமே தக்க வழி. அப்பட்டையே தேடற்பெட்டியாகவும் பயன்படுவதால், முகவரியை அரைகுறையாகத் தட்டினால் தேடல் முடிவுகள் வந்து நிற்கும். அவற்றின் முதலிடங்களில் கட்டணம் செலுத்திய விளம்பரங்கள் இருக்கக்கூடும்.

உலாவி அறிந்தவையும் அறியாதவையும்

முகவரியருகே பூட்டு இருந்தால் தளம் நம்பத்தக்கது என்ற கருத்து இன்றும் வழங்குகிறது. பூட்டு காட்டியது, உலாவிக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது என்பதை மட்டுமே. அதற்கான சான்றிதழை மோசடித் தளமும் இலவசமாகவே பெறலாம். இத்தவறான புரிதலைக் கருதியே குரோம் 2023இல் பூட்டுச் சின்னத்தை நீக்கி வேறு சின்னம் அமைத்தது.

அதே உலாவி வேறொரு வகையில் மனிதரைவிடக் கூர்மையானது. கடவுச்சொல்லைச் சேமித்து வைத்தால், அத்தளத்தின் பெயர் எண்ணுக்கு எண் பொருந்தும்போதே அதனை நிரப்ப முன்வரும். வடிவொப்புமை அதனை ஏமாற்றாது. வழக்கமாகத் தானே நிரம்பும் கடவுச்சொல் ஒருநாள் நிரம்பவில்லை எனில், நினைவிலிருந்து தட்டச்சு செய்யும் முன் முகவரியை மீண்டும் பார்த்தல் வேண்டும். பலர் இதனை உலாவியின் பழுதாக எண்ணித் தாமே கடவுச்சொல்லை இட்டுவிடுவது வருந்தத்தக்கது.

மறைமுகச் சாளரம் எனப்படும் வசதி, அக்கருவியில் உலாவல் வரலாறு சேமிக்கப்படாதவாறு செய்யும். பள்ளியின் வலையமைப்பிலிருந்தோ இணையச் சேவை வழங்குநரிடமிருந்தோ பயனரை அது மறைப்பதில்லை. பலர் பயன்படுத்தும் கணினி மையத்தில் அது உதவும். எனினும் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிச் சாளரத்தை மூடுதல் வேண்டும். 18 வயது நிறையாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவு தேவை என இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. ஆதலால் கட்டுரைக்குப் படம் ஒன்றைப் பதிவிறக்கப் பிறந்தநாளும் கைப்பேசி எண்ணும் கேட்கும் தளத்தை மாணவி விட்டு நீங்குவதே முறை.

பணம் பறிபோயின் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் வங்கி அதனை முடக்க இயலும் என்பதால் முதற் சில மணிநேரமே முதன்மையானது. தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றோடு போலித் தளத்தின் முகவரியையும் குறித்துத் தருதல் நலம். அம்முகவரியைத் திரையைப் பார்த்துக் கையால் எழுதாமல், முகவரிப் பட்டையிலிருந்தே படியெடுத்து ஒட்டுதல் வேண்டும். பார்த்து எழுதினால் வடிவொத்த எழுத்துகள் உண்மைத் தளத்தின் எழுத்துகளாக மாறிவிடும்.