ஹார்ன் அடிக்கலைன்னா எல்லாம் சரியா? போட்டு இன்ஜினுக்கு மீட்டர், அலாரம் ஒயரிங்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். கேட்க நேரமில்லாதவர்களுக்காகச் சுருக்கி, வரிசைப்படுத்தித் தந்திருக்கிறோம்.)

வழக்கமா இங்க சாஃப்ட்வேர், சர்வர், கோடுன்னு பேசுவோம். இந்தத் தடவை கொஞ்சம் தண்ணியில இறங்கப் போறோம். எனக்கு ஊர் அனுப்பம்பட்டு. கும்மிடிப்பூண்டி லைன்ல மீஞ்சூர் தாண்டினா அடுத்த ஸ்டேஷன். அம்மா வீடு பழவேற்காடு பக்கம். என் மாமா இன்னமும் ஃபைபர் போட்டுல தொழிலுக்குப் போறாரு. அவர் போட்டுல நடந்த ஒரு விஷயத்துல இருந்துதான் இந்த எபிசோட்.

மாசி மாசம். விடியக்காலையில கடல்ல இருந்து முகத்துவாரம் வழியா ஏரிக்குள்ள திரும்பறாங்க. போட்டுல நாலு பேரு. தண்ணி குறைவு, மணல் மேடு, பின்னாடி அலை. திடீர்னு இன்ஜின் இழுவை குறைஞ்சது. ரெண்டு நிமிஷத்துல நின்னே போச்சு. கயிறு போட்டு இழுத்துட்டு வர இன்னொரு போட்டு பக்கத்துல இருந்ததால ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகல. இன்ஜினைப் பிரிச்சுப் பார்த்தா, தண்ணி உறிஞ்சற இடத்துல ஒரு பாலிதீன் பை. சூடேறி ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, பிஸ்டன் கீறியிருக்கு. அந்த சீசன்ல சம்பாதிச்சதுல பாதி மெக்கானிக்குக்குப் போச்சு.

மாமா என்கிட்ட கேட்டது ஒரே கேள்விதான். "சூடானா ஹார்ன் அடிக்கும்னுதானடா காசு குடுத்து மாட்டினேன். ஏன் அடிக்கல?"

ஞாயித்துக்கிழமை மல்டிமீட்டரோட போய் உட்கார்ந்தேன். ஹார்ன் நல்லா இருக்கு. ஃபியூஸ் நல்லா இருக்கு. சூட்டு ஸ்விட்சும் நல்லா இருக்கு. நடுவுல ஒயர்ல ஒரு ஜாயின்ட். முறுக்கி, மேல இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கு. டேப்பைப் பிரிச்சா உள்ள செம்பு பச்சை பூத்து, தொட்டதும் உதிருது. எத்தனை மாசமா அந்த ஒயர் அறுந்து கிடந்ததோ, அத்தனை மாசமா மாமா "ஹார்ன் அடிக்கல, இன்ஜின் நல்லா இருக்கு"ன்னு நினைச்சுட்டு இருந்திருக்காரு.

இன்ஜின் எப்படிக் குளிருது

அவுட்போர்டு இன்ஜின்ல பைக் மாதிரி காத்தும் இல்ல, கார் மாதிரி ரேடியேட்டரும் இல்ல. நாம மிதக்கற தண்ணியையே கீழ இருக்கற ஓட்டைகள் வழியா உறிஞ்சி, ஒரு ரப்பர் இம்பெல்லர் மேல தள்ளுது. சிலிண்டரைச் சுத்திட்டு தண்ணி வெளிய போயிடும். அதுல கொஞ்சத்தைப் பக்கத்துல ஒரு சின்ன ஓட்டை வழியா பீச்ச விடுவாங்க. நம்ம பசங்க கிண்டலா "இன்ஜின் ஒண்ணுக்குப் போகுதா பாரு"ன்னு சொல்றது அதைத்தான். போட்டுல இருக்கற முதல் மீட்டர் அது. ஒயரே வேணாம்.

ஆனா பழவேற்காடு ஏரி பல இடத்துல இடுப்பளவு கூட இல்ல. சேறும் மணலும் உள்ள போய் இம்பெல்லரைத் தேய்க்கும். பை, பாசி, அறுந்த வலை எல்லாம் ஓட்டையை அடைக்கும். அதுவும் முகத்துவாரத்துல வரும்போது எல்லார் கண்ணும் முன்னாடி அலை மேலதான் இருக்கும், பின்னாடி பீச்சற தண்ணி மேல இருக்காது. ராத்திரியில சுத்தமா தெரியாது. அதனாலதான் காதுக்கு ஒரு அலாரம் வேணும்.

அலாரம் சர்க்யூட்

ரொம்ப சிம்பிள். பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஃபியூஸ், அங்கிருந்து சாவி, அங்கிருந்து ஹார்னோட ஒரு கால். ஹார்னோட இன்னொரு கால்ல இருந்து ஒரு ஒயர் பின்னாடி போய், சிலிண்டர் ஹெட்ல இருக்கற சூட்டு ஸ்விட்ச்ல சேரும். ஸ்விட்சோட மறுபக்கம் இன்ஜின் பாடி. பாடியில இருந்து பேட்டரி நெகட்டிவ்.

சாதாரணமா அந்த ஸ்விட்ச் திறந்திருக்கும், கரன்ட் ஓடாது. சூடு எல்லை தாண்டினா ஸ்விட்ச் மூடும், ஹார்ன் அடிக்கும்.

இப்ப யோசிங்க. நடுவுல ஒயர் அறுந்தா? கரன்ட் ஓடாது, ஹார்ன் அடிக்காது. இன்ஜின் நல்லா இருந்தாலும் அமைதி, ஒயர் அறுந்தாலும் அதே அமைதி. வெளிய இருந்து பார்க்கற நமக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

சர்வர் பார்த்துக்கற வேலையில இருக்கறவங்களுக்கு இது பழகின பிரச்சினை. ராத்திரி முழுக்க ஒரு அலர்ட்டும் வரல, நிம்மதியா தூங்கினோம். காலையில பார்த்தா அலர்ட் அனுப்பற சிஸ்டமே படுத்திருக்கு. அதனால "நான் உயிரோட இருக்கேன்"னு அது அப்பப்ப ஒரு சிக்னல் அனுப்பணும்னு வைப்போம். போட்டுக்கும் அதுதான் வேணும்.

கார்ல ஆயில் லைட்டைக் கவனிச்சிருப்பீங்க. சாவி போட்டதும் எரியும், இன்ஜின் ஓடினதும் அணையும். அங்க ஸ்விட்ச் தலைகீழா வேலை செய்யுது. ஆயில் அழுத்தம் இல்லாதப்போ மூடியிருக்கும். அதனால ஒவ்வொரு தடவை சாவி போடும்போதும் பல்பு, ஒயர், ஸ்விட்ச் மூணும் தானாவே டெஸ்ட் ஆயிடுது. என்னிக்காவது எரியலைன்னா ஏதோ அறுந்திருக்குன்னு அர்த்தம். சூட்டு ஸ்விட்சுக்கு இந்த வசதி இல்ல. நாமதான் குடுக்கணும்.

ஒரு பட்டன், ஆனா எங்க வைக்கறீங்க?

ஒரு வாட்டர் ப்ரூஃப் புஷ் பட்டன். ஒரு கால் சூட்டு ஸ்விட்சுக்குப் போற ஒயர்ல, இன்னொரு கால் இன்ஜின் பாடியில. அழுத்தினா சூட்டு ஸ்விட்ச் மூடின மாதிரியே ஆகும், ஹார்ன் அடிக்கணும்.

இடம்தான் முக்கியம். நிறைய பேர் பட்டனை ஹார்ன் பக்கத்துலயே வைப்பாங்க. அப்படி வச்சா ஹார்னும் ஃபியூஸும்தான் டெஸ்ட் ஆகும். அறுந்து போற நீளமான ஒயர் டெஸ்ட் ஆகாது. பட்டன் இன்ஜின் பக்கம், ஸ்விட்சை ஒட்டி இருக்கணும். அப்பதான் முழுப் பாதையும் டெஸ்ட் ஆகும்.

இதுல விட்டுப்போறது ஸ்விட்ச் மட்டும்தான். அதை வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டி, பாத்திரத்துல தண்ணி வச்சு, அடியில படாம தொங்க விட்டு, டெர்மினல் நனையாம சூடு பண்ணுங்க. மல்டிமீட்டரை பீப் மோட்ல போட்டு, சமையல் தெர்மாமீட்டர் பக்கத்துல வச்சுக்கோங்க. எந்த டிகிரியில பீப் அடிக்குதுன்னு பார்த்து, இன்ஜின் மேனுவலோட ஒப்பிடுங்க. மேனுவல்ல சொன்ன டிகிரி 100க்குக் கீழ இருந்தாதான் தண்ணியில பார்க்க முடியும்.

ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டர் வச்ச புது இன்ஜின்கள்ல எந்த ஒயரையும் மேனுவல் பார்க்காம பாடியில தொடாதீங்க. அந்த மாதிரி இன்ஜின்கள் பலதுல சாவி போட்டதும் ஒரு சின்ன பீப் தானாவே வரும். அது வருதான்னு கேட்டுப் பழகினாலே போதும்.

மீட்டர் வேற, அலாரம் வேற

அடுத்து மாமா கேட்டது: "ஊசி காட்டற மீட்டர் ஒண்ணு மாட்டி, அந்த ஸ்விட்ச் ஒயரையே அதுக்கும் குடுத்துடலாமா?" கூடாது.

ஸ்விட்சுக்கு ஆமா, இல்லைன்னு ரெண்டே பதில்தான். மீட்டருக்கு வேணும்கறது சென்டர். அது சூட்டுக்கு ஏத்த மாதிரி ரெசிஸ்டன்ஸ் மாறற பொருள். பரவலா கிடைக்கற ஒரு வகையில குளிர்ச்சியா இருக்கும்போது 450 ஓம், நல்லா சூடானா 30 ஓம் அளவு. ஸ்விட்சை மீட்டர்ல குடுத்தா ஊசி கீழயே கிடக்கும், இல்லைன்னா ஒரேயடியா மேல போய் முட்டும். சென்டரை ஹார்ன்ல குடுத்தா ஹார்ன் ஒழுங்கா அடிக்காது. வாங்கும்போது மீட்டரும் சென்டரும் ஒரே வகையான்னு கேளுங்க. அமெரிக்க வகையையும் ஐரோப்பிய வகையையும் கலந்தா ஊசி பொய் சொல்லும்.

மீட்டர் பின்னாடி மூணு டெர்மினல் இருக்கும். ஐ சாவிக்கு, ஜி எர்த்துக்கு, எஸ் சென்டருக்கு. சந்தேகம் வந்தா, சாவி ஆன்ல வச்சு எஸ் ஒயரைக் கழட்டுங்க, ஊசி குளிர் பக்கம் போகணும். எஸ்ஸை எர்த்ல தொடுங்க, சூடு பக்கம் போகணும். ரெண்டும் நடந்தா மீட்டர்ல பிரச்சினை இல்ல, ஒயரையோ சென்டரையோ பாருங்க.

மீட்டரோட நல்ல குணம் என்னன்னா, ஒயர் அறுந்தா தெரிஞ்சிடும். பத்து நிமிஷம் ஓடியும் ஊசி ஏறலைன்னா கண்ணுக்கு உறுத்தும். அதனால முடிஞ்சா ரெண்டும் வைங்க, தனித்தனி ஒயர்ல.

ஆர்பிஎம் மீட்டர் வாங்கினா, பின்னாடி இருக்கற செலக்டரைப் பாருங்க. இன்ஜின் ஒரு சுத்துக்கு எத்தனை பல்ஸ் குடுக்குதுன்னு அதுல செட் பண்ணணும். 6 பல்ஸ் குடுக்கற இன்ஜினுக்கு 4ல வச்சா, 3000 ஓடும்போது 4500ன்னு காட்டும்.

ஒயர், கலர், உப்பு

அமெரிக்க போட்டு வழக்கத்துல ஊதா சாவிக்கு, கருப்பு எர்த்துக்கு, சாம்பல் ஆர்பிஎம்முக்கு, மங்கின பழுப்பு சூட்டுக்கு, வெளிர் நீலம் ஆயில் அழுத்தத்துக்கு, பிங்க் டீசல், பெட்ரோல் அளவுக்கு. ஆனா சில இன்ஜின்கள்ல பிங்க் ஒயரே சூட்டு ஸ்விட்சுக்குப் போகும். கலரை நம்பாதீங்க, மல்டிமீட்டரை நம்புங்க.

வீட்டுக்கு வாங்கற ஒயர் வேணாம். உப்புக்காத்துல வெறும் செம்பு சீக்கிரம் பச்சை பூக்கும். ஈயம் பூசின, நிறைய இழை உள்ள மெரைன் ஒயர் வாங்குங்க. ஜாயின்ட் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. போட்டே ஆகணும்னா கிரிம்ப் பண்ணி, உள்ள பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் மாட்டி சூடு காட்டுங்க. முறுக்கி டேப் சுத்தினா என்ன ஆகும்னு மாமா இன்ஜின் காட்டிடுச்சு. ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே, ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும்.

அளவு? 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.02 ஓம். 8 மீட்டர் போட்டுல போக, வர 16 மீட்டர், அதாவது 0.32 ஓம். பஸ்ஸர் 0.1 ஆம்பியர்தான் இழுக்கும், நஷ்டம் தெரியவே தெரியாது. அதே ஒயர்ல 5 ஆம்பியர் லைட்டையும் குடுத்தா 1.6 வோல்ட் காணாமப் போகும். லைட்டைப் போட்டதும் மீட்டர் ஊசி ஆடுதுன்னா காரணம் பெரும்பாலும் இதுதான், எர்த் ஒயரை ரெண்டும் பங்கு போட்டுக்குது. லைட்டுக்குத் தனி எர்த் குடுங்க.

கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற இன்ஜின், பேட்டரியே இல்லையா? வீட்டு யூபிஎஸ் சின்னதுல வர்ற 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி ஒண்ணு, தண்ணி புகாத டப்பாவுல. பஸ்ஸர் அடிக்கும்போதுதான் கரன்ட் செலவாகும், அதனால கரையில அப்பப்ப சார்ஜ் பண்ணினா போதும். பஸ்ஸர், பட்டன் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும்.

அடிச்சா என்ன பண்ணணும்?

த்ராட்டிலைக் குறைச்சு, பீச்சற தண்ணியைப் பாருங்க. வரலைன்னா இன்ஜினை நிறுத்தி, தூக்கி, அடைப்பை எடுங்க. ஆற விடுங்க, சூடான இன்ஜின் மேல தண்ணி ஊத்தாதீங்க. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஆயில் அலாரம்னா உடனே நிறுத்தணும். ரெண்டுக்கும் ஒரே ஹார்ன்னா, எதுன்னு தெரிய தனித்தனி லைட் வைங்க.

ஆனா முகத்துவாரத்துல, அலைக்கு நடுவுல ஹார்ன் அடிச்சா? அங்க நிறுத்தினா போட்டு அலைக்குக் குறுக்கா திரும்பிடும். அந்த இடத்துல இன்ஜினைப் பத்திக் கவலைப்படாதீங்க. மெதுவா ஓட்டி அலையைத் தாண்டிட்டு நிறுத்துங்க. இன்ஜின் போனா போகட்டும். அந்த முடிவை யோசிச்சு எடுக்க ரெண்டு நிமிஷம் கிடைக்குது பாருங்க, அதுக்குத்தான் அலாரம்.

இப்ப மாமா கரையை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி சாவி போட்டு, பட்டனை ஒரு அழுத்து அழுத்தறாரு. விடியக்காலை மூணு மணிக்கு அந்த சத்தம் கேட்டு பக்கத்து போட்டு அண்ணன் திட்டறாராம். போன மாசம் அந்த அண்ணனே, "டேய், எனக்கும் ஒண்ணு மாட்டிக் குடுடா"ன்னு ஃபோன் பண்ணினாரு. வர்ற ஞாயித்துக்கிழமை அந்த வேலை இருக்கு.

உங்க வீட்டுல யாராவது தொழிலுக்குப் போறாங்கன்னா இதை அவங்ககிட்ட சொல்லுங்க.