ஒரு தேக்கரண்டித் தைலத்தில் எத்தனை ஆஸ்பிரின்?

தலைவலியா, பஸ் பயணத்தில் குமட்டலா, கொசுக்கடியா? நம் வீடுகளில் முதலில் தேடுவது தைலப் புட்டியைத்தான். இப்போது லவெண்டர், யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல் என நறுமண எண்ணெய்களும் அந்த அலமாரியில் இடம்பிடித்துவிட்டன. ‘இயற்கைதானே, என்ன செய்துவிடும்?’ என்று நினைக்கிறோம். வேதியியல் சொல்லும் பதில் வேறு.

எப்படிக் கிடைக்கிறது?

இலை, பூ, பட்டை ஆகியவற்றின் ஊடே நீராவியைச் செலுத்தினால், எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்கள் அதனுடன் வெளியேறும். குளிரவைத்தால் நீரும் எண்ணெயும் தனித்தனியாகப் பிரியும். கூடை கூடையாக இலை போட்டாலும் கிடைப்பது சிறிதளவுதான். அதனால் வீரியம் மிக அதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

பல வலித் தைலங்களில் மெத்தில் சாலிசிலேட் உள்ளது. விண்டர்கிரீன் எண்ணெய் ஏறத்தாழ முழுவதும் இதுதான். அதில் 1 மில்லிலிட்டரை விழுங்குவது சுமார் 1.4 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலிட்டர். அதாவது 7 கிராம். 325 மில்லிகிராம் மாத்திரைகளாக எண்ணினால் 21க்கும் மேல்! ஒரு சிறு குழந்தையின் உயிரைப் பறிக்க இது போதும். யூகலிப்டஸ் எண்ணெயும் சில மில்லிலிட்டர் உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

பாதுகாப்பாகப் பயன்படுத்த

நறுமண எண்ணெயை அப்படியே தோலில் தடவாதீர்கள். 20 சொட்டு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர். எனவே 30 மில்லிலிட்டர் தேங்காய் எண்ணெயில் 12 சொட்டு கலந்தால் 2 விழுக்காடு. பெரியவர்களுக்கு அது போதும். தண்ணீரில் கலக்காதீர்கள், எண்ணெய் கரையாமல் மிதந்து தோலைச் சுடும்.

தோலைப் பிழிந்து எடுத்த எலுமிச்சை எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கொப்பளிக்கலாம். கைக்குழந்தையின் மூக்கருகே கற்பூரம், மெந்தால் கலந்த தைலத்தைத் தடவக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வாசனையே மூச்சுத்திணறலைத் தூண்டலாம். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. இவ்வேதிப்பொருள்கள் பலவற்றைப் பூனையின் கல்லீரலால் எளிதில் வெளியேற்ற முடியாது.

தம்பி, தங்கை விழுங்கிவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். உடனே பெரியவர்களிடம் சொல்லி 999ஐ அழையுங்கள். புட்டியையும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் ஆலோசனை வழங்குகிறது.

இன்றே உங்கள் வீட்டுத் தைலப் புட்டிகளின் லேபிளைப் படியுங்கள். பிறகு அவற்றைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.