அணுவின் உட்கரு

அணு பிளக்கவொண்ணாதது என்று டால்டன் காலமுதல் ரஸாயன சாஸ்திரிகள் கொண்டிருந்தனர். 1897-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் தாம்ஸன் என்பார் எலெக்ட்ரானைக் கண்டபின் அக்கொள்கை நிலைகுலைந்தது. நேர்மின்சாரம் நிறைந்ததோர் உருண்டையினுள் எலெக்ட்ரான்கள் பதிந்து கிடக்கின்றன என 1904-இல் அவர் கூறினார். கொம்மட்டிப் பழமும் அதன் விதைகளும் போலும் என நாம் எண்ணிக்கொள்ளலாம்.

1909-இல் மாஞ்செஸ்டர் சர்வகலாசாலையில், ரூதர்போர்டின்கீழ் உழைத்த கைகரும், இருபது வயது மாணாக்கராகிய மார்ஸ்டனும், ஆல்பா துகள்களை மெல்லிய உலோகத் தகடுகளின்மேற் செலுத்தினர். திரையில் அவை மோதுங்கால் தோன்றும் மினுக்கங்களை இருட்டறையிலிருந்து ஒவ்வொன்றாய் எண்ணினர். கண்ணுக்கு எத்துணைச் சலிப்பு! பெரும்பாலன நேரே ஊடுருவிச் சென்றன. ஏறத்தாழ 8,000-இல் ஒன்றோ வந்த பக்கமே மீண்டது. கொம்மட்டிச் சதையில் இதற்கு இடமேது?

அணுவின் பாரம் ஏறக்குறைய முழுவதும், குறுக்களவில் அதன் ஆயிரத்திலொரு பங்குக்கும் சிறியதொரு நடுக்கருவில் அடங்கியுள்ளதென 1911-இல் ரூதர்போர்டு விடையளித்தார்.

எனினும் ஓர் இடர் எஞ்சிற்று. கருவைச் சுழலும் எலெக்ட்ரான் ஒளியைச் சிந்திச் சக்தியிழந்து, நொடிப்பொழுதில் அதனுள் வீழ்ந்துவிட வேண்டுமென்பது அந்நாள் மின்சார நூலின் விதி. அவ்வாறாயின் நாமும், நாம் எழுதும் இம்மேசையும் நிலைத்திருப்பதெங்ஙனம்? குறித்த சில பாதைகளில் மட்டும் எலெக்ட்ரான் சக்தியிழவாது சுற்றுமென 1913-இல் டென்மார்க்கினரான போர் வகுத்து, ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளைக் கணக்கிட்டுக் காட்டினார். ஏன் அவ்வாறென்பதற்கு அவரிடம் காரணமில்லை. ஹீலியத்தில் அக்கணக்குப் பிழைத்தது. 1925, 1926-ஆம் ஆண்டுகளில் தோன்றிய குவாண்டம் இயக்க நூல் அப்பாதைகளையே அழித்துவிட்டது.